மிஷெல் ஏக்கர்ஸ் அடித்தது 105 கோல்கள்தானா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: "இருபதாம் நூற்றாண்டின் சிறந்த கால்பந்து வீராங்கனை என்று ஃபிஃபா அறிவித்தவர்களில் அமெரிக்காவின் மிஷெல் ஏக்கர்ஸ் ஒருவர். ஆனால் தேசிய அணிக்காக அவர் அடித்தது 105 கோல்கள். அதே அணியின் மியா ஹாம் 158, ஆபி வாம்பாக் 184, கனடாவின் கிறிஸ்டின் சின்கிளேர் 190. பட்டியலில் இவ்வளவு கீழே இருப்பவரை ஏன் முன்னோடி என்கிறார்கள்? அவர் முன்களத்தில் ஆடியவரா, நடுக்களத்தில் ஆடியவரா என்பதிலேயே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே?" இரண்டு கேள்விகள் போலத் தோன்றினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். ஒரு முன்கள வீராங்கனையின் மதிப்பைக் கோல் எண்ணிக்கையை வைத்து எடைபோடலாமா என்பதே அது. இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதலாவது தானாகவே அவிழ்ந்துவிடும்.

நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெண்கள் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்து வருபவன். ஏக்கர்ஸ் ஆடியதை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை, பதிவுகளில்தான் பார்த்திருக்கிறேன். சில ஆட்டங்களைப் பத்துப் பதினைந்து முறை, நிறுத்தி நிறுத்தி, மாணவிகளோடு சேர்ந்து பார்த்திருக்கிறேன். ஆகவே ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அவருடைய உடல்நிலை பற்றிய பகுதியில் மட்டும் நான் மருத்துவன் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கணக்கை நேர் செய்துவிடுவோம். பழைய பதிவுகளில் 153 ஆட்டங்கள், 105 கோல்கள் என்று இருக்கும். அண்மைக்காலப் பட்டியல்களில் 155 ஆட்டங்கள், 107 கோல்கள் என்று பார்ப்பீர்கள். 1980களில் பெண்கள் ஆட்டங்களுக்குக் குறிப்பெடுத்தவர்கள் குறைவு. எது அதிகாரபூர்வமான ஆட்டம், எது இல்லை என்பதே பின்னாளில்தான் தீர்மானிக்கப்பட்டது. இதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. இணையத்தில் இதற்காகச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால்தான் ஆச்சரியமாக இருக்கிறது. நான் இங்கே பழைய எண்ணையே வைத்துக்கொள்கிறேன்.

105-ஐ 153-ஆல் வகுத்தால் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 0.69 கோல் வருகிறது. ஹாம் 276 ஆட்டங்களில் 158, அதாவது 0.57. சின்கிளேர் 331 ஆட்டங்களில் 190, அதுவும் 0.57தான். வாம்பாக் மட்டுமே ஏக்கர்ஸைக் கொஞ்சம் தாண்டுகிறார். வகுத்துப் பார்த்தாலே ஏக்கர்ஸ் மேலே ஏறிவிடுகிறார் என்று இதோடு நிறுத்துபவர்கள் உண்டு. எனக்கு அது போதாது. 1991 என்ற ஒரே ஆண்டில் அவர் 26 ஆட்டங்களில் 39 கோல் அடித்தார். அந்த ஆண்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 127 ஆட்டங்களில் 66 கோல்கள். ஆட்டத்துக்குப் பாதியைச் சற்றே தாண்டும். ஒரே ஆளின் கணக்கு இப்படி இரண்டாகப் பிளந்து நிற்பது ஏன் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அவர் 1966-இல் கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில் பிறந்து, சியாட்டில் பக்கம் வளர்ந்தவர். சிறுமியாக இருந்தபோது பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் அமெரிக்கக் கால்பந்து, அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறொரு ஆட்டம், ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டார். பெண் பிள்ளைகள் அதை ஆட மாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. அவருக்கு ஆறு வயதாக இருந்த 1972-இல்தான், மத்திய அரசின் நிதியைப் பெறும் கல்வி நிலையங்கள் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் வந்தது. 'டைட்டில் நைன்' என்று அதைச் சொல்வார்கள். பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிகளைக் கட்ட வேண்டிய நிலை அதனால் உருவானது. அந்தக் கதவு வழியாக உள்ளே போன தலைமுறையின் மூத்த பிள்ளைகளில் ஏக்கர்ஸ் ஒருவர். மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்துக்காக ஆடினார். கல்லூரிக் கால்பந்தின் மிக உயர்ந்த விருதான ஹெர்மன் கோப்பை 1988-இல் முதன்முறையாகப் பெண்களுக்கும் வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவர் அவர்தான்.

அமெரிக்கப் பெண்கள் தேசிய அணி தன் முதல் ஆட்டத்தை 1985 ஆகஸ்ட் 18 அன்று இத்தாலியின் யேசோலோ நகரில் ஆடி, இத்தாலியிடம் 0-1 என்று தோற்றது. கணுக்கால் காயத்தால் ஏக்கர்ஸ் அதில் ஆடவில்லை. மூன்று நாள் கழித்து டென்மார்க்குடன் 2-2 என்று சமன் செய்த ஆட்டத்தில் இறங்கி, அந்த அணியின் வரலாற்றிலேயே முதல் கோலை அடித்தார். அப்போது அந்தப் பெண்களுக்குக் கிடைத்த சீருடை ஆண்களுக்குத் தைத்தது. இரவு உட்கார்ந்து அதை வெட்டித் தைத்துச் சரிசெய்ததை அந்த அணியில் இருந்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். நாள்படி பத்து டாலர். இதையெல்லாம் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். 1985-இல் அந்த அணி ஆடியது நான்கே ஆட்டங்கள். 1989 முழுவதற்கும் ஒரே ஒரு ஆட்டம். 19 வயதிலிருந்து 24 வயது வரை, ஒரு முன்கள வீராங்கனையின் கால்கள் மிக வேகமாக ஓடும் பருவத்தில், தேசிய அணிக்குக் கிடைத்த ஆட்டங்கள் மிகக் குறைவு. இன்றைய வீராங்கனை ஒருவர் அந்த வயதுக்குள் அறுபது எழுபது சர்வதேச ஆட்டங்களை முடித்திருப்பார். மொத்த எண்ணிக்கையை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுவது அதனால்தான் பொருந்தாது என்கிறேன்.

1991-க்கு வருவோம். இங்கே ஏக்கர்ஸின் ரசிகர்களும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்த 39 கோல்களில் எல்லாமே ஒரே எடை உள்ளவை அல்ல. ஏப்ரலில் ஹைட்டியில் நடந்த தகுதிச் சுற்றில் அமெரிக்கா ஐந்து ஆட்டங்களில் 49 கோல் அடித்தது, ஒன்றுகூட வாங்கவில்லை. மெக்சிகோவை 12-0, மார்டினிக்கை 12-0. எதிரணிகள் அப்போதுதான் நடக்கக் கற்றுக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட ஆட்டங்களில் அடிக்கும் கோல்களை வைத்து ஒருவரின் தரத்தைச் சொல்ல நான் துணிய மாட்டேன்.

ஆனால் நவம்பரில் சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில் நடந்தது வேறு. பெண்களுக்காக ஃபிஃபா நடத்திய முதல் உலகப் போட்டி அது. 'உலகக் கோப்பை' என்ற பெயரைக்கூட அதற்குக் கொடுக்கத் தயங்கி, ஒரு மிட்டாய் நிறுவனத்தின் பெயரில் நடத்தினார்கள். ஆட்டத்தின் நேரமும் 90 நிமிடம் இல்லை, 80 நிமிடம். பெண்களால் அதற்கு மேல் முடியாது என்று யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். ஆன்சன் டோரன்ஸ் பயிற்சியளித்த அமெரிக்க அணியின் முன்களத்தில் ஏக்கர்ஸ், கேரின் ஜென்னிங்ஸ், ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் என மூவர். முப்புற வாள் என்று அந்த மூவருக்கும் பெயர் விழுந்தது. காலிறுதியில் சீன தைபே (தைவான்) அணிக்கு எதிராக 7-0. அதில் ஐந்து ஏக்கர்ஸ் அடித்தவை. பெண்கள் உலகக் கோப்பை ஆட்டமொன்றில் ஐந்து கோல் அடித்த இன்னொருவர் 2019-இல் தாய்லாந்துக்கு எதிராக ஆடிய அலெக்ஸ் மார்கன்தான். ஆறு ஆட்டங்களில் ஏக்கர்ஸுக்கு மொத்தம் 10 கோல்கள். பெண்கள் உலகக் கோப்பையில் ஒரே தொடரில் அடித்த அதிகபட்ச எண்ணிக்கையாக அது இன்றும் நிற்கிறது.

இறுதி ஆட்டம் நவம்பர் 30, குவாங்சௌவின் தியன்ஹே அரங்கம், எதிரணி நார்வே. அந்தக் காலத்தில் அமெரிக்காவைக் கண்டு அஞ்சாத அணி என்றால் அதுதான். 20-ஆவது நிமிடத்தில் ஷானன் ஹிக்கின்ஸ் அடித்த ஃப்ரீ கிக்கை ஏக்கர்ஸ் தலையால் முட்டி உள்ளே அனுப்பினார். லிண்டா மெடாலென் சமன் செய்தார். அதன் பிறகு நார்வேயின் கைதான் ஓங்கியிருந்தது. நான் மாணவிகளுக்குப் போட்டுக் காட்டுவது 78-ஆவது நிமிடத்தை. 80 நிமிட ஆட்டத்தில் 78 என்றால் எல்லார் கால்களும் ஈயமாகக் கனக்கும் நேரம். ஹிக்கின்ஸ் மீண்டும் ஒரு நீண்ட பந்தை முன்னால் தூக்கிப் போடுகிறார். நார்வேயின் தடுப்பாட்டக்காரர் டினா ஸ்வென்சன் அதை முதலில் எட்டிவிடுகிறார். அந்தப் பந்து இனி அவருடையது, வழக்கமாக ஒரு முன்கள ஆட்டக்காரர் அங்கே வேகத்தைக் குறைத்துவிடுவார். படத்தை நிறுத்தி, ஏக்கர்ஸின் கால்களை மட்டும் பாருங்கள் என்பேன். அவர் குறைக்கவில்லை. கோல் கீப்பருக்கு ஸ்வென்சன் தட்டிய பந்தில் வேகம் இல்லை. ஏக்கர்ஸ் குறுக்கே பாய்ந்து அதை எடுத்து, கீப்பரைக் கடந்து, காலியான வலைக்குள் தள்ளினார். 2-1. ஸ்வென்சனின் தவறு என்று அதைச் சொல்வது சரிதான். அந்தத் தவறு நடக்கும்போது இரண்டடி தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முன்கள வீராங்கனையாக அவரிடம் என்ன இருந்தது என்று கேட்டால், நளினமான பந்துக் கட்டுப்பாட்டை நான் முதலில் சொல்ல மாட்டேன். அதில் ஜென்னிங்ஸ் அவரைவிடத் தேர்ந்தவர். அந்தத் தொடரின் சிறந்த வீராங்கனைக்கான தங்கப் பந்தும் ஜென்னிங்ஸுக்கே போனது, ஏக்கர்ஸுக்கு வெள்ளிப் பந்து. ஏக்கர்ஸிடம் இருந்தது வலுவும் நேரக் கணிப்பும். ஐந்தடி பத்து அங்குல உயரம். பந்து காற்றில் இருக்கும்போது நின்ற இடத்திலிருந்து எழும்ப மாட்டார். இரண்டு மூன்று எட்டு ஓடிவந்து, தடுப்பவர் தாவுவதற்கு ஒரு கணம் முன்பே மேலே போயிருப்பார். கீழே விழுந்தால் உடனே எழுந்து அடுத்த மோதலுக்குப் போவார். பெனால்டிப் பகுதிக்கு வெளியிலிருந்து அவர் அடிக்கும் பந்தின் வேகம், அந்தக் காலத்துப் பெண்கள் ஆட்டத்தில் கோல் கீப்பர்கள் பழகியிராதது. இவையெல்லாம் ஒருவரின் உடலைத் தின்று தீர்க்கும் திறமைகள்.

தின்றும் தீர்த்தது. 1991-க்குப் பிறகு அவருக்குச் சோர்வு விடாமல் இருந்தது. ஒரு போட்டியின்போது மைதானத்திலேயே சரிந்து விழுந்தார். 1994-இல் நாள்பட்ட சோர்வு நோய் என்று கண்டறியப்பட்டது. இந்த நோயுள்ளவர்களுக்கு உழைப்புக்குப் பின் ஓய்வெடுத்தால் தெம்பு திரும்பிவிடாது; கொஞ்சம் அதிகமாக உழைத்தால் அடுத்த பல நாள்கள் படுக்கையில் போகலாம். இப்படி ஒரு நோயுள்ளவர் எப்படி உலகத் தரத்தில் 90 நிமிடம் ஓடினார் என்பதை மருத்துவர்கள்தான் விளக்க வேண்டும். பயிற்சியாளனாக எனக்குத் தெரிந்தது, அவர் உணவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினார், பயிற்சி நேரத்தைக் குறைத்துக்கொண்டார், ஆட்டம் முடிந்ததும் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றிக்கொண்டார் என்பது மட்டும். போதாக்குறைக்கு முழங்கால்கள். ஒரு டஜன் அறுவை சிகிச்சை என்று பரவலாகச் சொல்வார்கள். எண்ணிக்கை கட்டுரைக்குக் கட்டுரை மாறும், ஆனால் பத்துக்குக் குறைவாக யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. 1995 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், சீனாவுக்கு எதிராக, ஏழாவது நிமிடத்திலேயே மோதலில் தலையிலும் முழங்காலிலும் அடிபட்டு வெளியேறினார். அரையிறுதிக்குத் திரும்பி வந்தார். நார்வே 1-0 என்று வென்றது. அந்தத் தொடரில் அவருக்கு ஒரு கோலும் இல்லை.

நீங்கள் கேட்ட 'முன்களமா, நடுக்களமா' என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. 1990களின் நடுவில், டோனி டிசிக்கோ பயிற்சியாளராக இருந்த காலத்தில், அவர் நடுக்களத்துக்கு வந்தார். பிறகு தடுப்பு நடுக்களத்துக்கே இறங்கினார். முன்களத்தில் முதுகைக் காட்டி நின்று, பின்னாலிருந்து வரும் உதைகளை வாங்குவதைக் குறைப்பது ஒரு நோக்கம். அங்கிருந்து ஆட்டத்தைப் படித்து, பந்தைப் பிடுங்கி, முன்னால் இருக்கும் ஹாமுக்கும் மற்றவர்களுக்கும் கொடுப்பது அவருடைய வேலையானது. ஹாமின் 158 கோல்களில் எத்தனைக்கு இந்த இடமாற்றம் காரணம் என்று என்னால் எண்ணிச் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. ஆனால் முன்கள வீராங்கனை ஒருவர் தன் கோல் கணக்கைத் தானே நிறுத்திவைத்துவிட்டு, இன்னொருவரின் கணக்கு ஏறுவதற்கு வழிவிட்டார் என்பதைப் பட்டியல் காட்டாது. உடலைக் காப்பாற்றுவதற்காகச் செய்த மாற்றம் உடலைக் காப்பாற்றியதா என்றால், அதுதான் இல்லை. அங்கேயும் போய் எல்லாக் கார்னர் பந்துக்கும் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

1996 ஒலிம்பிக்கில் பெண்கள் கால்பந்து முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அரையிறுதியில் மறுபடியும் நார்வே, மறுபடியும் மெடாலென் கோல். ஆட்டம் கைநழுவும் நேரத்தில் கிடைத்த பெனால்டியை ஏக்கர்ஸ் அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஷானன் மக்மில்லன் வெற்றி கோலை அடித்தார். பிறகு 76,000-க்கும் மேற்பட்டவர்கள் முன்னிலையில் சீனாவை 2-1 என்று வென்று தங்கம்.

1999 ஜூலை 10, பாசடீனாவின் ரோஸ் பௌல் அரங்கம், 90,185 பார்வையாளர்கள். அந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டம் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது பிராண்டி சஸ்டெய்ன் கடைசிப் பெனால்டியை அடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றிய படம். அதற்கு முந்திய 90 நிமிடத்தை முழுதாகப் பாருங்கள் என்று நான் கெஞ்சாத குறை. 33 வயது ஏக்கர்ஸ் தடுப்பு நடுக்களத்தில் நின்று, எதிரணியான சீனாவின் சன் வென்னும் அவருடைய தோழிகளும் நடுவழியாக உள்ளே வர முடியாதபடி அடைத்துவைத்திருக்கிறார். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கார்னர். கோல் கீப்பர் பிரியானா ஸ்கர்ரி பந்தைக் குத்த வருகிறார். கை ஏக்கர்ஸின் தலையில் படுகிறது. அவர் எழவில்லை. தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். சாரா வேலன் அவருக்குப் பதிலாக இறங்கினார். கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததுமே ஆட்டம் முடிந்துவிடும் என்பது அப்போதைய விதி. சீனாவின் ஃபான் யுன்ஜியே தலையால் முட்டிய பந்து, கோல் கோட்டில் நின்ற கிறிஸ்டின் லில்லி தலையால் தடுத்திருக்காவிட்டால் உலகக் கோப்பையை முடித்துவைத்திருக்கும். ஏக்கர்ஸ் களத்தில் இருந்திருந்தால் அந்தப் பந்தை ஃபான் முட்டியிருக்க முடியுமா என்று என் மாணவிகள் கேட்பார்கள். முடியாது என்றுதான் எனக்குத் தோன்றும். அது வெறும் தோன்றல். பெனால்டிகள் நடந்தபோது அவர் உள்ளே, மருத்துவ அறையில், கையில் ஊசியோடு இருந்தார். அமெரிக்கா 5-4 என்று வென்றது. அந்தத் தொடரில் அவருக்கு இரண்டு கோல்கள், மூன்றாவது சிறந்த வீராங்கனைக்கான வெண்கலப் பந்து.

'முன்னோடி' என்ற சொல்லில் எனக்கும் கொஞ்சம் சங்கடம் உண்டு. முதலில் ஆடியவர் என்ற பொருளில் அவர் முன்னோடி அல்ல. இங்கிலாந்தின் டிக் கெர் பெண்கள் அணி 1920-இல் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் 53,000 பேர் முன்னால் ஆடியிருக்கிறது. அந்த அணியின் லில்லி பார் என்ற வீராங்கனையைக் கேட்டால் ஏக்கர்ஸை நேற்று வந்தவர் என்பார். அடுத்த ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை விதித்தது. அது ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. 1971-இல் மெக்சிகோவில், ஃபிஃபா கண்டுகொள்ளாத ஒரு உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், டென்மார்க்கின் சூசன் அவ்குஸ்டெசன் என்ற 15 வயதுச் சிறுமி மூன்று கோல் அடித்தார். இவர்களுக்கெல்லாம் ஏட்டில் இடம் இல்லாமல் போனது. ஏடு திறந்த பிறகு அதில் முதல் பக்கத்தில் எழுதப்பட்ட முன்கள வீராங்கனை ஏக்கர்ஸ். அந்தப் பொருளில் முன்னோடி என்றால் எனக்கு மறுப்பில்லை.

நூற்றாண்டின் வீராங்கனைப் பட்டமும் அவருக்கு மட்டும் கிடைத்ததல்ல, சன் வென்னுடன் பகிர்ந்துகொண்டது. உயிரோடிருக்கும் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் என்று 2004-இல் பெலே தேர்ந்தெடுத்த 125 பேரில் பெண்கள் இருவர்தான்: ஏக்கர்ஸும் ஹாமும். சன் வென் அதில் இல்லாதது எனக்கு இன்றும் புரியாத கணக்கு.

2000 ஆகஸ்டில், சிட்னி ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்பு, தோள்பட்டைக் காயத்தோடு அவர் ஓய்வு பெற்றார். அமெரிக்காவில் பெண்களுக்கான முதல் முழுத் தொழில்முறை லீக் 2001 ஏப்ரலில் தொடங்கியது. அதை உருவாக்கிய வீராங்கனைகளில் ஒருவராக இருந்தும், அதில் ஒரு ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. 2019-இல், கால்பந்து ஆடிய பெண்களின் மூளையைத் தலையால் முட்டுவது எப்படிப் பாதிக்கிறது என்று பாஸ்டன் பல்கலைக்கழகம் தொடங்கிய ஆய்வில் சேர்வதாக அவரும் சஸ்டெய்னும் அறிவித்தார்கள். குவாங்சௌவின் முதல் கோலை நான் இப்போது வகுப்பில் காட்டும்போது அதையும் சேர்த்துச் சொல்கிறேன். தலையால் முட்டும் பயிற்சியைச் சின்னப் பிள்ளைகளுக்கு நான் நிறுத்தி ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

பார்க்க நேரம் இருந்தால் 1991 இறுதியின் கடைசிப் பத்து நிமிடத்தையும், 1999 இறுதியின் முதல் 90 நிமிடத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டிலும் பத்தாம் எண் சட்டைதான். ஒன்றில் அவர் எதிரணியின் வலையை நோக்கி ஓடிக்கொண்டே இருப்பார். மற்றதில் முக்கால்வாசி நேரம் தன் வலைக்கு முன்னால் நிற்பார்.